வாட்டைக் கூட்டும் முன் இரைச்சலைக் குறையுங்கள்: கம்பம் பள்ளத்தாக்கு ஓட்டுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

கம்பம் பள்ளத்தாக்கில் வாடகைக் காரும் வேனும் ஜீப்பும் ஓட்டுகிற தோழர்களுக்கும், சொந்தக் காரில் நல்ல செட் ஒன்று போட வேண்டும் என்று காசு சேர்த்து வைத்திருக்கிறவர்களுக்கும்:

போடியிலிருந்து தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை வழியாக உத்தமபாளையம் போகிற சாலை உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்தப் பண்ணைப்புரத்தில் 1943-இல் பிறந்த இளையராஜா, 1976-இல் ‘அன்னக்கிளி’யில் தொடங்கி இன்றுவரை இசையமைத்துக்கொண்டிருக்கிறார். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு அவருடைய முதல் சிம்பொனியை அரங்கேற்றியது. அவருடைய பாட்டை நாம் அதிகம் கேட்பது வீட்டில் உட்கார்ந்து அல்ல, ஓடுகிற வண்டியில்தான். அது உங்கள் வண்டிக்குள் என்ன பாடு படுகிறது என்று பேசத்தான் இந்த மடல். சொல்ல வருவது ஒன்றே ஒன்று: செட்டுக்கு என்று ஒதுக்கிய காசில் முதல் பங்கை வண்டியின் அதிர்வையும் இரைச்சலையும் குறைக்கச் செலவிடுங்கள். ஸ்பீக்கர் அடுத்தது. ஆம்ப்ளிஃபையரும் ஊஃபரும் கடைசி. பெரும்பாலான கடைகளில் இப்போது நடப்பது இதற்கு நேர் தலைகீழ். முதலில் டிக்கியில் ஊஃபர் டப்பா ஏறுகிறது. கதவு தடதடக்க ஆரம்பித்த பிறகுதான் ஷீட் ஒட்டலாமா என்ற பேச்சே வருகிறது.

முதலில் வாட் கணக்கைப் பார்த்துவிடுவோம். செட்டின் அட்டைப் பெட்டியில் ‘50 வாட் × 4’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். இன்ஜின் ஓடும்போது வண்டியின் மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட். வழக்கமான கார் ஸ்பீக்கரின் மின்தடை 4 ஓம். மின்னழுத்தத்தைக் கூட்டித் தரும் தனிச் சுற்று இல்லாத செட் எதுவானாலும், இந்த இரண்டு எண்களை வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு ஸ்பீக்கருக்குச் சிதையாமல் தரக்கூடியது 26 வாட்டைத் தாண்டாது. நடைமுறையில் அதற்கும் கீழேதான். 50 என்பது ஒரு கணத்தின் உச்சம். இதைக் கேட்டதும், ‘அப்படியானால் தனி ஆம்ப்ளிஃபையர் போட்டே தீர வேண்டும்’ என்று தோன்றும். பொறுங்கள். சாதாரணக் கார் ஸ்பீக்கர் 1 வாட்டில், 1 மீட்டர் தள்ளி, சுமார் 90 டெசிபல் ஒலி தரும். வாட் இரட்டிக்கும்போதெல்லாம் 3 டெசிபல் ஏறும். 2 வாட்டில் 93, 4 வாட்டில் 96, 8 வாட்டில் 99, 16 வாட்டில் 102. பஞ்சாலையில் தறி ஓடுகிற இரைச்சலை எட்டும் அளவு இது. கம்பெனி செட்டே இவ்வளவு தருகிறது என்றால், வண்டியில் சக்திக்குப் பஞ்சமே இல்லை. பிறகு ஏன் பாட்டு எடுபடவில்லை? கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

பாட்டோடு போட்டி போடுகிற இரைச்சல் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும். நான்கு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எரிகிறது. நிமிடத்துக்கு 2,400 சுற்று என்றால் நொடிக்கு 80 அதிர்வு. இன்று சிறிய கார்கள் பலவற்றில் இருக்கும் மூன்று சிலிண்டர் இன்ஜினில் அதே வேகத்தில் நொடிக்கு 60. டயரும் சாலையும் சேர்ந்து எழுப்பும் உறுமல் பெரும்பாலும் 500-க்குக் கீழே. டயருக்குள் அடைபட்ட காற்று மட்டும் 200, 250-க்கு அருகில் தனியாக ஒரு முனகல் போடும். இப்போது பாட்டின் பக்கம் வாருங்கள். பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பி 41 அதிர்வில் தொடங்குகிறது. தபேலாவின் இடது கை, ஆண் குரலின் அடிநாதம் இரண்டும் 100-ஐ ஒட்டி நிற்கின்றன. அதாவது இன்ஜினும் டயரும் உட்கார்ந்திருக்கும் அதே திண்ணையில்தான் பாட்டின் அடித்தளமும் உட்கார வேண்டியிருக்கிறது. காதின் இயல்பும் இதற்குத் துணை போகிறது. 1933-இல் ஃபிளெச்சர், மன்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டியதுபோல, தாழ்ந்த ஒலி காதுக்கு எட்டவே அதிக அழுத்தம் தேவை. 1,000 அதிர்வு ஒலி கேட்கத் தொடங்கும் அளவைவிட ஏறத்தாழ 40 டெசிபல் கூடுதலாக இருந்தால்தான் 50 அதிர்வு ஒலி காதில் விழும். போதாக்குறைக்கு, தாழ்ந்த இரைச்சல் தனக்கு மேலே இருக்கும் ஒலிகளையும் சேர்த்து மூடும். மேலே இருப்பது கீழே இருப்பதை அந்த அளவுக்கு மூடாது. ஆகவே வண்டி வேகமெடுக்கும்போது முதலில் காணாமல் போவது பேஸ். அடுத்து, குரலின் கனம். கடைசியில் மிஞ்சுவது ஜால்ராவும் வயலின் கீச்சும். ‘செட்டில் பேஸ் இல்லை’ என்று நாம் சொல்வது பல நேரம் உண்மையில்லை. பேஸ் இருக்கிறது, அதன் மேல் சாலை ஓடிக்கொண்டிருக்கிறது.

மற்றவர்கள் பாட்டைவிட இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்த பாட்டுக்கு இதனால் நட்டம் அதிகம். இளையராஜாவின் பாட்டில் பேஸ் கிட்டார் தாளத்துக்கு ஒத்து ஊதிக்கொண்டு நிற்பதில்லை. பாடுகிற மெட்டுக்கு எதிரே தனக்கென்று ஒரு மெட்டை வைத்துக்கொண்டு நகரும். ஒவ்வொரு கருவிக்கும் உரிய வரியைத் தனித்தனியாக இசைக்குறிப்பில் எழுதிக் கொடுத்து வாசிக்க வைப்பவர் அவர். 1978-இல் வந்த ‘பிரியா’ பாடல்கள், தமிழில் ஸ்டீரியோ முறையில் பதிவான முதல் திரைப்பாடல்கள் என்று பேசப்படுபவை. 1986-இல் ‘ஹவ் டு நேம் இட்’, 1988-இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு ‘நத்திங் பட் விண்ட்’ என்று திரைக்கு வெளியே அவர் செய்த தொகுப்புகளில், சத்தம் அடங்கி ஒற்றைக் கருவி மட்டும் மெல்ல ஒலிக்கும் இடங்கள் ஏராளம். 80 கிலோமீட்டர் வேகத்தில் 70 டெசிபல் இரைச்சல் உள்ள காரில் அந்த மெல்லிய இடங்கள் தரைக்கு அடியில் போய்விடும். அவற்றைக் கேட்க வால்யூமைத் திருப்பினால், அடுத்து முழு வாத்தியக் குழுவும் எழும் இடம் காதைப் பிளக்கும். உடனே குறைப்பீர்கள், மறுபடி கூட்டுவீர்கள். வாட் கூடினால் பாட்டின் மேல்கூரைதான் உயரும்; மெல்லிய இடங்கள் இருக்கும் தரை அப்படியே இரைச்சலுக்கு அடியில் கிடக்கும். தரையைச் சரிசெய்ய வழி ஒன்றுதான், இரைச்சலைக் கீழே இறக்குவது. அந்தக் கணக்கும் உங்களுக்கே சாதகம். இரைச்சல் 3 டெசிபல் குறைந்தால், அது ஆம்ப்ளிஃபையரின் வாட்டை இரட்டித்ததற்குச் சமம். 6 குறைந்தால் நான்கு மடங்கு. அதற்கு பாட்டரியும் தேவையில்லை, ஃபியூஸும் தேவையில்லை.

இது நானாகக் கண்டுபிடித்துச் சொல்கிற வரிசை இல்லை. காரில் பாட்டு வைக்கும் தொழில் பிறந்தபோதே இந்த வரிசைதான் இருந்தது. 1930-இல் அமெரிக்காவில் பால் கால்வின் தன் நிறுவனத்தின் கார் ரேடியோவைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். பின்னால் மோட்டோரோலா என்று உலகமே அறிந்த பெயர் அந்த ரேடியோவுக்கு இட்ட பெயர்தான். அன்று கார் ரேடியோ செய்தவர்களுக்கு முதல் தலைவலி ஒலியின் அளவு அல்ல. ஸ்பார்க் பிளக்கும் மற்ற மின் பாகங்களும் ரேடியோவுக்குள் அள்ளிக் கொட்டிய கரகரப்பை அடக்குவதுதான். அதை அடக்கிய பிறகே பாட்டு விற்றது. இரைச்சலை எதிர் அலையால் அழிக்கும் யோசனைக்கு ஜெர்மானியரான பால் லூயெக் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1936-இல். 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானில் நிஸான் அதைக் காருக்குள் கொண்டுவந்தது. இன்று விலை உயர்ந்த கார்கள் சிலவற்றில் சாலை இரைச்சலையே எதிர் அலையால் குறைக்கிறார்கள். ஸ்பீக்கர் செய்யத் தெரிந்தவர்களும் கார் செய்யத் தெரிந்தவர்களும் சேர்ந்து உட்கார்ந்தால் முதலில் கை வைப்பது இரைச்சலில்தான். நாம் மட்டும் ஏன் முதலில் டிக்கியில் கை வைக்க வேண்டும்?

இரைச்சலைத் தாண்டி, கதவைப் பற்றியும் பேச வேண்டும். பெரும்பாலான கார்களில் முன் ஸ்பீக்கர் இருப்பது கதவில். வீட்டு ஸ்பீக்கருக்கு மூடிய மரப்பெட்டி உண்டு. காருக்கு அந்தப் பெட்டியே கதவுதான். டிரிம்மைக் கழற்றிப் பார்த்தால், உள்தகட்டில் கை நுழையும் அளவுக்குப் பெரிய ஓட்டைகள் இருக்கும். கண்ணாடி இறக்கும் மெக்கானிசத்தைப் பழுது பார்க்க விட்டவை. அவற்றின் மேல் ஒரு பிளாஸ்டிக் தாள் மட்டும் ஒட்டியிருக்கும். ஸ்பீக்கர் கோன் முன்னால் தள்ளும்போது எழும் அலையும், அதே கணம் பின்னால் எழும் எதிர் அலையும் அந்த ஓட்டை வழியே சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தாழ்ந்த ஒலியில்தான் இந்த அழிவு அதிகம். வெளித்தகடோ மெல்லியது, அது தன் பங்குக்குத் தானும் ஆடிக் கலகலக்கும். இந்தக் கதவில் விலை உயர்ந்த ஸ்பீக்கரை மாட்டி, அதற்கு ஒரு ஆம்ப்ளிஃபையரும் வைப்பது, கசிகிற வாய்க்காலை அடைக்காமல் மோட்டாரின் எச்.பி.யைக் கூட்டுவது போன்றது. ஓட்டைகளை அடைத்து, வெளித்தகட்டின் ஆட்டத்தை அடக்கி, ஸ்பீக்கரை அசையாத வளையத்தில் இறுக்கிவிட்டால், கம்பெனி ஸ்பீக்கரிலேயே பேஸ் எழும். அதைக் கேட்ட பிறகு ஊஃபர் தேவையா என்று முடிவு செய்யுங்கள்.

ஷீட் ஒட்டுவதிலும் ஒரு தெளிவு வேண்டும். ‘டேம்பிங்’ என்ற ஒரே பெயரில் கடைகளில் மூன்று வேறு வேலைகள் நடக்கின்றன. தகட்டின் ஆட்டத்தை அடக்குவது ஒன்று. அதற்கு வேண்டியது பியூட்டைல் ரப்பர் மேல் அலுமினியத் தகடு ஒட்டிய ஷீட். தகடு ஆடும்போது நடுவில் இருக்கும் ரப்பர் இழுபட்டு அந்த ஆட்டத்தை வெப்பமாக மாற்றிவிடும். இதை மூலை முடுக்கெல்லாம் ஒட்ட வேண்டியதில்லை. தகட்டின் நடுப்பகுதியில் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு ஒட்டினாலே பெரும்பலன் கிடைக்கும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள்: ‘டங்’ என்றது ‘தப்’ என்று ஆனால் போதும். காற்று வழியே வரும் இரைச்சலைத் தடுப்பது இரண்டாவது வேலை. அதற்குக் கனம் வேண்டும். தரையிலும் சக்கர வளைவுகளிலும் இடைவெளியில்லாமல் விரிக்கிற கனத்த வினைல் விரிப்புதான் அதைச் செய்யும். மூன்றாவது, உள்ளே எதிரொலிப்பதை உறிஞ்சுவது. அதற்கு ஃபோம். 3 மில்லிமீட்டர் ஃபோமை ஒட்டிவிட்டு டயர் உறுமல் நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 100 அதிர்வு ஒலியின் ஓர் அலை மூன்றரை மீட்டர் நீளம். விரல் அகலம்கூட இல்லாத ஃபோமுக்கு அது மசியாது. பொருளிலும் எச்சரிக்கை வேண்டும். விலை குறைந்த ஷீட்டுகள் சில தார் கலந்தவை. வீரபாண்டித் திருவிழாவுக்கு வந்தவர்கள் வெளியில் நிறுத்திவிட்டுப் போன கார் சித்திரை வெயிலில் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தச் சூட்டில் தார் ஷீட் இளகும், நாறும், கூரையிலோ கதவிலோ ஒட்டியிருந்தால் கழன்று தொங்கும். ஒரு துண்டை வெயிலில் வைத்து முகர்ந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். தார் வாடை வந்தால் விட்டுவிடுங்கள்.

காசே செலவழிக்காமல், அல்லது மிகக் குறைந்த செலவில், செய்ய வேண்டியவை இதற்கெல்லாம் முந்தியவை. டயரில் எவ்வளவு காற்று வேண்டும் என்பது ஓட்டுநர் கதவருகே உள்ள ஸ்டிக்கரிலேயே இருக்கும். பட்டன் ஒரு பக்கமாகத் தேய்ந்து, கைவைத்துத் தடவினால் படிப்படியாகத் தட்டுப்படுகிற டயர் புது டயரைவிட அதிகம் உறுமும். அலைன்மென்ட், வீல் பேலன்சிங் தவறியிருந்தால் ஸ்டியரிங்கில் வரும் அதிர்வு தரைத் தகட்டுக்கும் இறங்கும். இன்ஜின் மவுண்டிங் ரப்பர் உட்கார்ந்துவிட்டால், அது தடுக்க வேண்டிய நடுக்கம் முழுவதும் பாடிக்கு வந்துசேரும். சைலன்சரைத் தாங்கும் ரப்பர் வளையம், அதற்கு மேலே இருக்கும் வெப்பத்தகடு, சஸ்பென்ஷன் புஷ், கதவு பீடிங் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். ஆடிக் காற்று பள்ளத்தாக்கில் இறங்கும் மாதங்களில், கிழிந்த பீடிங் வழியே வரும் விசில் எந்த ஷீட்டாலும் நிற்காது. நல்ல மெக்கானிக்கிடம் ஒரு மணி நேரம் வண்டியை விட்டால் தெரிந்துவிடுகிற விஷயங்கள் இவை. இவற்றைச் செய்யாமல் ஷீட் ஒட்டுவது நோயை வைத்துக்கொண்டு சத்தத்தை மட்டும் மூடுவதாகும்.

இனி உங்கள் தரப்பு மறுப்புகளுக்கு வருகிறேன். ‘ஷீட் ஒட்டினால் வண்டி கனத்துவிடும், மைலேஜ் குறையும், அதுவும் போடிமெட்டு, கம்பம்மெட்டு ஏற வேண்டிய வண்டி’ என்பது முதல் மறுப்பு. 2 மில்லிமீட்டர் பியூட்டைல் ஷீட் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 3 கிலோ. நான்கு கதவுகளுக்கும் சேர்த்து 2 சதுர மீட்டர் போதும் என்று வைத்தால் 6 கிலோ. தரையையும் சக்கர வளைவையும் சேர்த்தாலும், ஷீட் மட்டும் ஒரு பயணியின் எடையில் பாதியைத் தாண்டாது. மர டப்பாவில் அடைத்த ஊஃபரும் ஆம்ப்ளிஃபையரும் சேர்ந்தால் கிட்டத்தட்ட அதே எடை வந்துவிடும். டிக்கியில் பெட்டி வைக்கும் இடமும் போகும். சவாரி ஓட்டுகிறவருக்கு டிக்கி என்பது வருமானம். செலவும் அப்படியே. முன்கதவு இரண்டுக்கு மட்டும் ஒழுங்காக ஷீட் ஒட்டும் செலவு, ஊஃபரும் ஆம்ப்ளிஃபையரும் அவற்றுக்கான வயரும் சேர்ந்த செலவைவிடக் குறைவு. அதே சமயம் அளவுக்கு மீறி எதிர்பார்க்கவும் வேண்டாம். சிறிய காரில் முழுதும் செய்தாலும் மீட்டரில் குறைவது சில டெசிபல்தான். சொகுசுக் காராக அது மாறிவிடாது. ஆனால் அந்தச் சில டெசிபல்தான் வாட்டில் இரண்டு மடங்கு, நான்கு மடங்கு என்பதை மறக்க வேண்டாம்.

‘சத்தம் கூடினால் இரைச்சல் தானாக மறையும், அதற்கு ஏன் இத்தனை வேலை’ என்பது இரண்டாவது. மறையும். ஆனால் அந்தச் சத்தம் முழுவதும் உங்கள் காதில் விழுந்துகொண்டே இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். அதற்கு மேலே ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிவிடும். 83 என்றால் 20 மணி, 86 என்றால் 10 மணி, 89 என்றால் 5 மணி. இப்போது ஒரு சவாரி ஓட்டுநரின் வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 6 நாள் என்றால் 60 மணி. 70 டெசிபல் இரைச்சலுக்கு மேலே பாட்டு தெளிவாக எழ வேண்டும் என்று அதை 86-இல் வைத்தால், செவ்வாய்க்கிழமைக்கு முன்பே அந்த வாரத்தின் கணக்கு முடிந்துவிடுகிறது. கார் வைத்திருப்பவர் ஞாயிற்றுக்கிழமை கேட்டுவிட்டுப் போகலாம். ஓட்டுநர் அப்படிப் போக முடியாது. காது கெடுவது வலியோடு வருவதில்லை. மெல்ல மெல்ல மேல் ஸ்வரங்கள் மங்கும். மங்கியது தெரியாமல் வால்யூம் இன்னும் கூடும். இரைச்சல் குறைந்த வண்டியில் அதே பாட்டை 76, 78-இல் வைத்தாலே போதுமானதாக இருக்கும். செட் போடுவதைப் பற்றிய இந்தப் பேச்சு ஓட்டுநருக்கு மட்டும் தொழில் ஆரோக்கியத்தைப் பற்றிய பேச்சாகவும் ஆகிவிடுகிறது.

மூன்றாவது மறுப்பு கொஞ்சம் கனமானது: ‘வண்டிக்குள் ரொம்ப அமைதியானால் வெளியே அடிக்கிற ஹாரன் கேட்காது, மலைப்பாதை வளைவில் எதிரே வருகிற பஸ் அடிக்கும் ஹாரனை நம்பித்தான் ஓட்டுகிறோம், அதோடு தூக்கமும் வரும்.’ ஹாரனின் பெரும்பங்கு ஒலி 400-க்கு மேலே, சில ஆயிரம் அதிர்வு வரை பரவியிருக்கிறது. வண்டிக்குள் எழும் உறுமல் அதற்குக் கீழே இருந்துகொண்டு அதை மூடுகிறது. உறுமலைக் குறைத்தால் ஹாரன் முன்பைவிடத் தெளிவாக எழ வாய்ப்புண்டு. 90 டெசிபலில் பாட்டு ஓடும் வண்டியில் அதற்கும் வழியில்லை. ஆபத்து இருப்பது வால்யூமில், ஷீட்டில் அல்ல. என்றாலும் மேட்டுப் பாதையில் ஏறும்போது பாட்டைக் குறைப்பதும் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதும் நல்ல பழக்கம். எந்தச் செட் போட்டாலும் அதை விட வேண்டாம். தூக்கத்தைப் பொறுத்தவரை, மணிக்கணக்கில் ஒரே சுருதியில் உடம்பை ஆட்டுகிற தாழ்ந்த அதிர்வே களைப்புக்கும் அசதிக்கும் ஒரு காரணம். தூக்கம் வந்தால் மருந்து வண்டியை ஓரம் கட்டுவதுதான், ஊஃபர் இல்லை.

நான்காவதாக, ஜீப் ஓட்டுகிறவர்கள் சிரிப்பார்கள்: ‘தார்ப்பாய் போட்ட வண்டியில் எதை ஒட்டுவது?’ நியாயமான கேள்வி. ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு விடியும் முன்னே மலை ஏறுகிற ஜீப்புக்கு இந்த மடலின் பாதி பொருந்தாது. பக்கவாட்டில் காற்று வருகிற வண்டியில் காற்று வழி இரைச்சலை நிறுத்தவே முடியாது. அங்கே செய்யக்கூடியது தரைத் தகட்டின் நடுக்கத்தை அடக்குவது, இன்ஜின் மவுண்டிங்கையும் சைலன்சரையும் சரியாக வைத்திருப்பது, அவ்வளவுதான். பாட்டுக்காக இல்லாவிட்டாலும், நாள் முழுக்கக் காய் பறித்துவிட்டு மாலையில் திரும்பும் பெண்களின் முதுகுக்காகவாவது அதைச் செய்யலாம். அந்த வண்டிக்கு ஆம்ப்ளிஃபையர் விற்கிற கடைக்காரரைவிட, ‘உங்களுக்கு இது வேண்டாம்’ என்று சொல்கிறவர்தான் நம்பத் தகுந்தவர்.

‘சவாரிக்கு வருகிறவர்கள் தும் தும் என்று அதிர்ந்தால்தான் ரசிக்கிறார்கள்’ என்பது ஐந்தாவது. சபரிமலை சீசனில் குமுளி வழியாகப் போகும் வேனிலும் சுற்றுலாக் கூட்டம் ஏறிய வண்டியிலும் அந்தக் கேட்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த அதிர்வு வண்டியோடு நிற்பதில்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைக்கின்றன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இரவு. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவில், ஒலிக் கட்டுப்பாட்டு விதிகளை மீறி ஓட்டுவதற்கு 2019 திருத்தத்துக்குப் பின் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. ஷீட் ஒட்டிய கதவு பேஸை வெளியே விடாது என்று நான் சொல்லவில்லை. ஆழ்ந்த பேஸ் எந்தத் தகட்டையும் கடந்துவிடும். இரைச்சல் குறைந்த வண்டியில் வெளியே கேட்கும் அளவுக்கு வைக்கத் தேவையே இருக்காது என்பதுதான் வாதம். தெரு அதிராமலே உள்ளே இருப்பவர் பேஸை உணர முடியும்.

செய்யத் தொடங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. கதவின் அடியில் மழைநீர் வடிகிற ஓட்டைகளை ஒருபோதும் அடைக்காதீர்கள். அடைத்தால், குமுளிப் பக்கத்துச் சாரலில் ஓடுகிற வண்டி உள்ளிருந்தே துருப்பிடித்துவிடும். அதே காரணத்தால் ஸ்பீக்கர் வளையம் தண்ணீரில் ஊறி உப்புகிற அட்டை மரமாக இல்லாமல் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள கார்கள் சிலவற்றில் மோதலை உணரும் சென்சார் கதவுக்குள்தான் இருக்கும்; அந்தக் காரின் கதவைத் திறக்கும் முன் கம்பெனி சர்வீஸில் கேட்டுக்கொள்ளுங்கள். கம்பெனி வயரை வெட்டாமல் கப்ளர் வைத்து இணைக்கச் சொல்லுங்கள், வாரன்டி பிழைக்கும். என்றாவது ஆம்ப்ளிஃபையர் போட்டால், பாட்டரியிலிருந்து வரும் வயரில் அரை மீட்டருக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். அது இல்லாமல் இழுத்த வயர் பாடியில் உரசினால் தீதான். இன்ஜின் ஏற ஏறக் கூடவே ஏறும் ஒரு கீச்சொலி ஸ்பீக்கரில் வந்தால், பெரும்பாலும் எர்த் சரியில்லை என்று பொருள். அதற்காக இன்னொரு கருவி வாங்க வேண்டாம். கடைசியாக, ஓட்டுநர் வலது கதவை ஒட்டி உட்காருவதால் வலது ஸ்பீக்கரின் ஒலி அவரிடம் முந்தி வருகிறது. 34 சென்டிமீட்டருக்கு ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது கணக்கு. இப்போதைய செட்டுகள் பலவற்றில் அந்த வித்தியாசத்தைச் சரிசெய்யும் வசதி மெனுவிலேயே இருக்கிறது. ஸ்டீரியோவில் இடமும் வலமுமாகப் பிரித்து வைத்த வாத்தியங்கள் அவற்றின் இடத்துக்கு வர இந்தச் சிறு திருத்தமே போதும்.

செட் போடும் கடைக்காரர்களுக்கும் இந்த மடலில் ஒரு சொல். வந்தவரிடம் முதலில் வாட்டைக் காட்டாதீர்கள். அவர் வண்டியை ஓட்டிப் பாருங்கள், கதவைத் தட்டிப் பாருங்கள், டயரைத் தடவிப் பாருங்கள். இரண்டு முன்கதவுகளை மட்டும் அடைத்து ஒட்டி, பழைய ஸ்பீக்கரையே திரும்ப மாட்டிக் கேட்கச் சொல்லுங்கள். ஊஃபர் விற்பது ஒரு நாள் தள்ளிப் போகலாம். அடுத்த பத்து வண்டிகள் உங்களைத் தேடி வரும்.

ஓட்டுநர் தோழர்களே, வரிசை இதுதான்: டயரும் மவுண்டிங்கும் பீடிங்கும் முதலில், முன்கதவுகள் இரண்டாவது, ஸ்பீக்கர் மூன்றாவது, தரையும் சக்கர வளைவும் நான்காவது, ஆம்ப்ளிஃபையரும் ஊஃபரும், அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் மட்டும். ஒவ்வொரு படி முடிந்ததும் நின்று ஒருமுறை அதே சாலையில், அதே வேகத்தில், அதே பாட்டைக் கேளுங்கள். பெரும்பாலானவர்களுக்கு ஐந்தாவது படி தேவைப்படாது. தேவைப்படாத காசு உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் வண்டிகளில் பயணம் செய்யும் ஒரு ரசிகர்